கடற்கரை உயிர்களைக் கணக்கெடுக்க வருவோருக்கு

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த பிறகு, சாய்ந்த தென்னைகளுக்கும் உடைந்த படகுகளுக்கும் கணக்கெடுத்தார்கள். அதே கரையின் நண்டும் சிப்பியும் என்னவாயின என்று கேட்டால், நான் பயிற்சி கொடுக்கச் செல்லும் ஊர்களில் பதில் இல்லை. முன்பு எவ்வளவு இருந்தன என்று எவரும் எழுதி வைக்காததால், எவ்வளவு குறைந்தன என்பதையும் சொல்ல முடிவதில்லை. தரங்கம்பாடியானாலும் பழையாறானாலும் நிலைமை இதுதான் என்பது என்னை உண்மையாகவே வருத்துகிறது.

ஆகவே புதிதாக வருவோரிடம் நான் முதலில் கேட்பது, ஊருக்கு அருகில் ஒரே ஒரு துண்டுக் கரையைத் தேர்ந்தெடுத்து, மாதந்தோறும் ஒரே ஓத நிலையில், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதில் ஒரே கட்டத்தில், அங்கேயே நடக்க வேண்டும் என்பதுதான். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் நீர் ஓரளவு நன்றாக வற்றும் என்பதால் நாளை அப்படிக் குறித்துக்கொள்ளலாம். மேட்டு மணலிலிருந்து நீர் விளிம்பு வரை ஒரு கயிற்றைப் பிடித்து, இடைவெளி விட்டு விட்டு அரை மீட்டர் பிவிசி குழாய்ச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருப்பதை மட்டும் எண்ண வேண்டும். நண்டு வளைகளை எண்ணும்போது, வாயிலில் புதுமணல் தள்ளியிருக்கிறதா, கால் தடம் இருக்கிறதா என்று பார்த்து, வளையின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். பெரிய வளை பெரும்பாலும் பெரிய நண்டுடையது. வண்டி ஓடும் கரையில் இவ்வளைகள் குறைவதை வைத்தே அக்கரையின் நிலையைக் கணிக்கலாம்.

அடையாளம் காண்பதில் அவசரமே பெரிய கேடு. ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமையையே எடுத்துக்கொள்வோம். ஒதுங்கிக் கிடக்கும் ஆமையைப் பார்த்தவுடன் பெயரை எழுதாமல், முதுகின் நடு வரிசைக்கு இருபுறமும் உள்ள தகடுகளை எண்ணுங்கள். பேராமைக்கு ஒரு பக்கத்துக்கு நான்கு. அழுங்காமைக்கும் நான்குதான், ஆனால் தகடுகள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், வாய் கூரிய அலகாக முடியும். பங்குனி ஆமைக்கு ஐந்தோ அதற்கு மேலோ, பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வரை இருக்கும். இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆமை இல்லாமல் தடம் மட்டும் கிடைத்தாலும் போதும். பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றுவதால் அதன் சுவடுகள் முன்னும் பின்னுமாக விழும். பேராமை இரண்டையும் ஒருசேர ஊன்றுவதால் சுவடுகள் இணையாக விழும், தடமும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் இருக்கும். அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்தபின், கூட்டைத் தோண்டாமல் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். இந்த ஆமைகள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

பறவைகளுக்குக் கோடியக்கரையை விடச் சிறந்த பள்ளி டெல்டாவில் இல்லை. 1967இல் சரணாலயமாகி, 2002இல் ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்கால வலசைக் கூட்டத்தில் நிறத்தைத் தேடிக் குழம்பாமல் நடத்தையைக் கவனியுங்கள். சில அடி ஓடி, சட்டென நின்று, ஒரு கொத்துக் கொத்துவது உப்புக்கொத்தி. அலகு குட்டை, கண் பெரிது. நிற்காமல் நடந்துகொண்டே சேற்றைத் துழாவுவது உள்ளான். இனம் உறுதியாகத் தெரியாவிட்டால் 'உள்ளான் வகை' என்று எழுதினால் போதும், ஊகித்து எழுதிய இனப் பெயர் பிற்காலத்தில் ஆய்வாளரைத் திசைதிருப்பிவிடும்.

கரைவலையில் சிக்கி வரும் கடல் பாம்பை, வால் துடுப்பாகத் தட்டையாக இருப்பதைக் கொண்டு அறியலாம். செத்தது போல் கிடந்தாலும் கையால் தொடாதீர்கள், நஞ்சு கடுமையானது. எதுவும் காணாத நாளிலும் தேதி, நேரம், ஓத நிலை, 'இல்லை' என்ற சொல் ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதுங்கள், ஏனெனில் வெற்றுப் பக்கத்தைப் பார்ப்பவருக்கு அன்று உயிர் இல்லையா, ஆள் போகவில்லையா என்பது தெரியாது.