பயிற்சி பலித்ததா என்பதை எங்கே பார்ப்பது?

பயிற்சி வகுப்பு முடியும்போது மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் ஒரு கருத்துப் படிவம் தரப்படுகிறது. பலர் ஐந்துக்கு நான்கோ ஐந்தோ மதிப்பெண் இட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள். வகுப்பு அவர்களுக்குப் பிடித்திருந்ததா என்பதை அந்த மதிப்பெண் சொல்லும். நோயாளியின் படுக்கையருகே அவர்களுடைய கைகள் இனி வேறுவிதமாக இயங்குமா என்பதைச் சொல்லாது.

பணியாளர் பயிற்சிகளை அளவிட 1959-இல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் முன்வைத்த நான்கு படிகளை மருத்துவக் கல்வியும் எடுத்துக்கொண்டது. பங்கேற்றவரின் மனநிறைவு முதற்படி. அவர் கற்றுக்கொண்டது இரண்டாவது. பணியிடத்தில் அவருடைய செயல் மாறியதா என்பது மூன்றாவது. அதனால் நோயாளிக்கு விளைந்த பயன் நான்காவது. மேலே செல்லச் செல்ல அளவிடும் வேலை கடினமாகிறது என்பதாலேயே பெரும்பாலான மதிப்பீடுகள் முதலிரண்டு படிகளோடு நின்றுவிடுகின்றன.

இரண்டாம் படியே எளிதன்று. இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி உயிர்காக்கும் சிபிஆர் பயிற்சியைப் பார்ப்போம். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்று எழுத்துத் தேர்வில் எழுதிவிடலாம். உணரிகள் பொருத்திய பொம்மையின் மீது இரண்டு நிமிடம் அழுத்தச் சொன்னால், தொடக்கத்தில் சரியாக இருந்த ஆழம் தோள் களைக்கக் களைக்கக் குறைவதும், கை மார்பின் மீதே சாய்ந்துவிடுவதால் மார்புக்கூடு முழுதாக மேலெழாமல் இதயத்தில் இரத்தம் நிரம்புவது தடைபடுவதும் திரையில் தெரியும். அன்று தேறியவரின் திறனும் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடுகிறது. ஆகவே பயிற்சிக்கு முன் ஒரு தேர்வு, முடிந்தவுடன் ஒன்று, ஆறு மாதம் கழித்து மற்றொன்று என மூன்று அளவீடுகளாவது வேண்டும். தேர்வெழுதுவதே ஒருவகைப் பயிற்சி என்பதால், இன்னும் பயிற்சி பெறாத ஒரு குழுவையும் அதே நாள்களில் சோதித்து ஒப்பிடுவது நல்லது.

நான்காம் படிவரை சென்ற மதிப்பீட்டுக்கு நான் மிகவும் மதிக்கும் சான்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள சவுத்மீட் மருத்துவமனையில் நடந்தது. பிரசவத்தில் குழந்தையின் தலை வெளிவந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கினால், பதற்றத்தில் தலையைப் பிடித்து இழுப்பது குழந்தையின் கைக்குச் செல்லும் நரம்புகளைச் சிதைக்கக்கூடும். அதற்கு மாறாக, தாயின் தொடைகளை வயிற்றை நோக்கி நன்கு மடக்குவது முதலான முறைகளைப் பொம்மைகளைக் கொண்டு அங்குள்ள மருத்துவர்களும் பேறுகாலச் செவிலியர்களும் சேர்ந்தே பயின்றார்கள். பயிற்சிக்கு முந்தைய 1996–1999, பிந்தைய 2001–2004 ஆகிய காலங்களின் பிரசவக் குறிப்புகளை ஒப்பிட்டபோது, தொடை மடக்கும் முறையின் பயன்பாடு 29 விழுக்காட்டிலிருந்து 87 விழுக்காடாக உயர்ந்திருந்தது. தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 விழுக்காட்டிலிருந்து 2.3 ஆகக் குறைந்திருந்தது.

இரு காலங்களிலும் தோள் சிக்குவது ஏறத்தாழ 2 விழுக்காட்டுப் பிரசவங்களில்தான் நேர்ந்தது என்பதால், சிக்கல் அரிதானதால் காயம் குறைந்தது என்று வாதிட முடியாது. செயல் மாறியதும் விளைவு மாறியதும் ஒருசேரத் தெரிவதே இந்த ஆய்வின் வலிமை. ஆயினும் ஒப்பீட்டுக் குழு இல்லாத முன்–பின் ஆய்வு இது. இடைப்பட்ட ஆண்டுகளில் நிகழ்ந்திருக்கக்கூடிய வேறு மாற்றங்களின் பங்கை முற்றாக விலக்க இயலாது. காயமுற்ற குழந்தைகள் முதற்காலத்தில் 30, பிற்காலத்தில் 6. இவ்வளவு சிறிய எண்களிலிருந்து ஒரு முடிவுக்கு வர இருபுறமும் நான்கு ஆண்டுகளின் குறிப்புகளைப் புரட்ட வேண்டியிருந்தது. பயிற்சிக்கு முந்தைய ஆண்டுகளின் குறிப்புகளும் முறையாக எழுதிவைக்கப்பட்டிருந்ததால்தான் அதுவும் முடிந்தது.