செலவுச் சீட்டைப் பார்க்கும் முன் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள்

காரைக்குடியில் கார் பழுதுபார்க்கும் பணிமனை நடத்தும் என்னிடம் வாரம் ஒருவராவது கேட்பது, "தம்பி, இந்த வண்டிக்கு இன்னும் காசு போடலாமா, இல்ல தள்ளிவிட்டுரலாமா?" என்பதுதான். கேட்பவர்களில் பலர், வண்டியை இன்று விற்றால் கிடைக்கும் தொகையையும் பழுதுச் செலவையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் வருகிறார்கள். அது தவறான கணக்கு. இந்தச் செலவைச் செய்த பிறகு வண்டி மாதம் எவ்வளவு கேட்கும், புது வண்டி மாதம் எவ்வளவு கேட்கும் என்பதையே பார்க்க வேண்டும்.

கோட்டையூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 2011-ஆம் ஆண்டு பெட்ரோல் காரைக் கொண்டுவந்தார். கிளட்ச், முன்பக்க ஷாக் அப்சார்பர், ஏ.சி. கம்ப்ரசர் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் ஆகும் என்றேன். விற்றால் 90,000 ரூபாய் தேறும். புது வண்டி வாங்கச் சொல்லி மகன் வற்புறுத்தினார். ஆறு லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 12,450 ரூபாய் ஆகிறது. அதாவது, அவரை மலைக்க வைத்த பழுதுச் செலவு நான்கு மாதத் தவணைக்குச் சமம்.

ஆனாலும் உடனே வேலையைத் தொடங்கவில்லை. கதவோரக் கால்மிதியைத் தூக்கி, வாசற்படி போல் ஓடும் கீழ்த்தகட்டை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தேன். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகட்டிலிருந்து மொத்தென்ற சத்தத்தோடு பழுப்புச் செதில் உதிரும். இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். விபத்தின்போது உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டிய கூட்டையே துரு தின்றுவிட்டால், மேலே ஒட்டுத் தகடு வைத்துப் பெயின்ட் அடிப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். அத்தகைய வண்டிக்கு நான் வேலை செய்வதில்லை. நம் செம்மண் பகுதியின் காய்ந்த காற்றில் துரு மெதுவாகத்தான் ஏறும் என்றாலும், தொண்டி, இராமேசுவரம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டியை இந்த ஒரு சோதனை இல்லாமல் தொடாதீர்கள். ஆசிரியரின் வண்டி கணீரென்றது, சரிசெய்து கொடுத்தேன்.

பதினைந்து ஆண்டு ஆனால் வண்டியை உடைத்துவிட வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். வயதைக் காட்டி வண்டியை ஓரங்கட்டும் ஏற்பாடு டெல்லி வட்டாரத்துக்கு உரியது. இங்கே தகுதி ஆய்வு செய்து, பசுமை வரி கட்டி, வண்டிப் பதிவுச் சான்றான ஆர்.சி.யை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து ஓட்டலாம். உதிரிபாகம் கிடைக்குமா என்பதே அதைவிடப் பெரிய கேள்வி. 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்திய செவர்லே போன்ற வண்டி என்றால், ஒரு சிறு சென்சாருக்காகச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை வரை ஆளனுப்ப நேர்கிறது.

செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கானாடுகாத்தான் ஆச்சி ஒருவரின் கார் பதினான்கு ஆண்டில் 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. பிள்ளைகள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வரும்போது மட்டும் எடுப்பார்கள். ஓடாத வண்டி புதுசு மாதிரிதானே என்று அவர் நம்பியது இயல்பே. ஆனால் பேட்டரி செத்து, வயரை எலி கடித்து, பின்பிரேக் இறுகிப் போயிருந்தது. டயரின் பட்டன், அதாவது சாலையில் படும் மேடு, தேயவில்லை. பக்கச்சுவரிலோ மயிரிழை வெடிப்புகள். அதிலிருந்த 1715 என்ற நான்கு இலக்கம், 2015-ஆம் ஆண்டின் 17-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று சொன்னது. டயர் உட்பட 40,000 ரூபாய்க்கு மேல் போகும். ஆண்டுக்கு ஆறேழு நாள் ஓடும் வண்டிக்கு அந்தச் செலவும் வேண்டாம், புது வண்டியும் வேண்டாம், விற்றுவிட்டு வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பணிமனைக்கு வர வேண்டிய வேலை போனது. அடுத்த முறை பிள்ளைகள் காரைக்குடி ரயில் நிலையத்தில் இறங்கியபோது வாடகை வண்டியை நானே ஏற்பாடு செய்துகொடுத்தேன்.