ரிசெப்டார்: உணர்வியா, வாங்கியா, ஏற்பியா?

‘எல்.டி.எல். உணர்விகள் பழுதானால் மாரடைப்பு வரும்.’ இந்த வாரம் மட்டும் மூன்று இடங்களில் இதைப் படித்துவிட்டேன். ரிசெப்டார் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். ஆனால் உணர்வி என்பது சென்சார். கல்லீரல் செல்லின் மேலுள்ள எல்.டி.எல். ரிசெப்டாருக்கு வேலையே வேறு: இரத்தத்தில் வரும் எல்.டி.எல். என்ற ‘கெட்ட கொழுப்பு’த் துகளைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுபடி மேலே வருவது. ஒரு நடைக்குச் சுமார் 10 நிமிடம்.

சொல்லின் மூலம் லத்தீன். ‘பெற்றுக்கொள்’ என்று பொருள். 1900 வாக்கில் ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக் அதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். அவ்வளவுதான்.

சரி, ‘வாங்கி’ என்றால்? உணர்வியைவிட எவ்வளவோ மேல். ஆனால் இதயத் தசையிலுள்ள பீட்டா ரிசெப்டாரைப் பாருங்கள். அட்ரினலின் அதன்மேல் வந்து அமர்கிறது. உள்ளே போவது சேதி மட்டும். அட்ரினலின் வெளியிலேயே நின்றுவிடுகிறது. இதில் வாங்கியது என்ன? இதற்கு வேண்டுமானால் ‘உணர்வி’ ஓரளவு ஒட்டும். அப்புறம் எல்.டி.எல். ரிசெப்டாருக்கு ஒட்டாது. ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தவில்லை.

எல்.டி.எல். ரிசெப்டாரிலேயே ‘வாங்கி’ தடுக்கி விழும் இடமும் உண்டு. அது ஒரு புரதம், அமினோ அமிலங்கள் என்ற துண்டுகள் கோத்த சங்கிலி. அதில் 839 துண்டுகள். கடைசி ஐம்பதும் செல்லுக்குள் வால்போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில், 807ஆம் இடத்தில், ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களது ரிசெப்டார் துகளைப் பிடிக்கும், உள்ளே கொண்டுபோகாது. ஏற்கிறது, வாங்கவில்லை!

ஆகவே ‘ஏற்பி’தான். ஏல் என்ற நம் வினையிலிருந்து வந்த சொல். ‘கற்பி’ என்றால் கற்கச் செய், அப்படியானால் ‘ஏற்பி’ என்றால் ஏற்கச் செய் என்றாகாதா என்று இலக்கணம் பேசுவோர் மடக்குவார்கள். நியாயமான கேள்விதான். ‘கடத்தி’ வினையெச்சமும்கூட, அதற்காக மின்கடத்தியைப் பார்த்து யாராவது குழம்புகிறார்களா?

‘உணர்வி’ என்று எழுதுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வரியிலேயே ‘ஏற்பிகளின் போக்குவரத்துக் கோளாறு’ என்று எழுதுகிறார்களே! நடப்பது இதுதான்: ஏற்பி, செல்லுக்குள் புரதம் தயாராகும் இடமான எண்டோபிளாச வலையில் உருவாகி, சரியாக மடிந்து, அடுத்த கூடமான கோல்கை உறுப்பில் அதன்மேல் ஒட்டிய சர்க்கரைச் சங்கிலிகள் சீர்பெற்று, செல்லின் மேற்பரப்புக்குப் போகவேண்டும். மடிப்பு பிசகினால் வலையே அதை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். பரம்பரையாக வரும் மிகைக் கொழுப்பு நோயில் இந்த வகை நிறைய. ‘ஏற்பி மேற்பரப்புக்குப் போய்ச்சேரவில்லை’ என்று நேராக எழுதினால் யாருக்கும் புரியும். ‘போக்குவரத்துக் கோளாறு’ என்றால் ஏற்பி ஏதோ சிக்னலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றுதான் நினைப்பார்கள்.