நற்பணிக்காக ஓடுபவர்கள் வலியை மறைக்க வேண்டாம்

ஓட்டக்காரர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில், நற்பணிக்கு நிதி திரட்டுவதற்காக முதன்முறை நெடுந்தூரம் ஓடுபவர்களைக் குறித்தே எனக்குக் கவலை அதிகம். தனக்காக ஓடுபவர் காலில் வலி கண்டால் சில வாரங்கள் ஓய்வெடுப்பார். பிறருக்காக ஓடுபவரோ, பணம் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற தயக்கத்தில் அந்த வலியை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. பெரும்பாலும் நடக்க முடியாத நிலை வந்த பிறகுதான் எங்களிடம் வருகிறார்.

பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறைந்து, இன்னும் தூரம் ஓடலாம் என்ற நம்பிக்கை பிறந்துவிடும். ஆனால் இதயமும் நுரையீரலும் பழகும் வேகத்தில் எலும்பும் தசைநாண்களும் பழகுவதில்லை. அவற்றுக்குப் பல மாதங்கள் தேவை. இந்த இடைவெளியில்தான் காயங்கள் நேர்கின்றன. கெண்டைக்கால் எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கியதும் குறைகிற வலிக்கு ஓட்டத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் போதும். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் குத்துகிற, ஓட ஓடக் கூடுகிற, இரவில் படுத்த பின்னும் விடாத வலி அழுத்த முறிவாக, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் ஏற்படும் நுண்ணிய கீறலாக, இருக்கலாம். தொடக்க நாள்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகக்கூடும் என்பதால், 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்ற சொல்லை நம்பி ஓட்டத்தைத் தொடராதீர்கள். எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். குறிப்பாக, ஓடும்போது இடுப்பு மடிப்பில் வரும் வலியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விழுந்த நுண்ணிய கீறல், தொடர்ந்து ஓடினால் முழு முறிவாகி அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் விடும்.

வலியை மறைக்க ஐபுபுரூபன் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. நீண்ட ஓட்டத்தில் ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்திருக்கும் சிறுநீரகத்தை இம்மருந்து மேலும் பாதிக்கும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதும் தீங்கே. ரத்தத்தில் சோடியம் சரிந்து குழப்பமும் வலிப்பும் வரலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமும், நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடியவர்களிடமும் இது அதிகம் காணப்பட்டது. முதன்முறை ஓடுபவர்கள் பெரும்பாலும் மெதுவாக ஓடுபவர்கள் என்பதால், ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிக்காமல் தாகத்துக்கு மட்டும் குடிப்பதே அவர்களுக்கு நல்லது.

இத்தனையும் தெரிந்திருந்தும் சிலர் வலியோடு ஓடுகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் கொடுத்த வாக்கு. அந்த வாக்கையே சற்று மாற்றி அமைத்துக்கொள்ளும்படி சொல்கிறேன். நன்கொடை கேட்கும்போது, "இத்தனை மணி நேரத்தில் முடிப்பேன்" என்று சொல்லாமல், "பயிற்சி எடுக்கிறேன், உடல் ஒத்துழைத்தால் ஓடுவேன், எப்படியானாலும் உங்கள் பணம் உரிய இடத்துக்குப் போய்ச் சேரும்" என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். காயம் பட்டால் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா என்பதை ஏற்பாட்டாளர்களிடமும், ஓடாவிட்டால் நன்கொடை என்னவாகும் என்பதைத் தொண்டு நிறுவனத்திடமும் பதிவு செய்யும்போதே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கொடுப்பவர்கள் எல்லைக்கோட்டைப் பார்த்துக் கொடுப்பதில்லை. புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெரி ஃபாக்ஸ், அந்நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980இல் கனடாவைக் குறுக்காக ஓடிக் கடக்கப் புறப்பட்டார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில் நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. மறுகரையை அவர் எட்டவில்லை. ஆயினும் ஓட்டம் நின்ற பிறகும் பணம் வந்துகொண்டே இருந்தது, மறு ஆண்டு பிப்ரவரிக்குள் 2.4 கோடி கனேடிய டாலரைத் தாண்டியது.