நியூரான் – நரம்பணு

"புழுவின் நியூரான்களை ஒரு நியூரல் நெட்வொர்க் பின்தொடர்கிறது." மூளை ஆராய்ச்சி பற்றி எழுதுகிறவர்கள் இப்போது இப்படி ஒரு வாக்கியத்தைத் தவிர்க்க முடியாது. இதில் முதலில் வரும் நியூரான் உயிருள்ளது, மூளையிலும் நரம்புகளிலும் செய்தியைக் கடத்தும் செல். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவின் தலைக்குள் இருப்பது. நெட்வொர்க்கில் இருக்கும் நியூரான் கணினிக்குள் நடக்கும் ஒரு கணக்கு. தமிழில் எழுதும்போது முதலாவதை 'நியூரான்' என்று அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவதை 'நரம்பியல் வலையமைப்பு' என்று மாற்றிவிடுகிறோம். இரண்டும் ஒரே சொல்லில் பிறந்தவை என்பது வாசகருக்குத் தெரியாமலே போகிறது.

நியூரான் கிரேக்கச் சொல். கிரேக்கத்தில் அதற்கு முதல் பொருள் தசைநார். நாரை முறுக்கிச் செய்த கயிற்றுக்கும் அதுவே பெயர்; ஹோமரின் இலியட்டில் மாட்டு நாரால் ஆன வில் நாணைச் சொல்ல இச்சொல்தான் வருகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மனித உடலை அறுத்துப் பார்த்த ஹீரோஃபிலஸும் எராசிஸ்ட்ரேட்டஸும் தசைநார் வேறு, மூளையோடு தொடர்புள்ள நரம்பு வேறு என்று பிரித்தறிந்தார்கள். பிரித்தறிந்த பிறகும் நரம்புக்குப் பழைய பெயரே நிலைத்தது.

இனி நம் 'நரம்பு' என்ற சொல்லைப் பார்ப்போம். தொல்காப்பியத்தில் நூன்மரபின் கடைசி நூற்பாவில் வரும் நரம்பு, யாழின் தந்தி. புறநானூற்றின் 278ஆம் பாடலில், காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு முதியவளின் மெலிந்த தோளில் புடைத்து நிற்கும் நரம்பைச் சொல்கிறார். தந்தி, உடம்புக்குள் ஓடும் நார் என்ற இரண்டு பொருளும் சங்க காலத்திலேயே சேர்ந்து இருந்திருக்கின்றன. கன்னடத்தில் 'நர', தெலுங்கில் 'நரமு', மலையாளத்தில் 'ஞரம்பு' என்று உறவுச் சொற்களும் உண்டு. வெற்றிலையின் நரம்பைக் கிள்ளுகிறோம். மருத்துவமனையில் ரத்தக் குழாயில் போடும் ஊசியை 'நரம்பு ஊசி' என்கிறோம். ஆக, மெல்லிசாக, நீளமாக, இழுத்துக் கட்டியதுபோல் இருப்பது எதுவானாலும் நமக்கு நரம்புதான்.

கிரேக்கச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒன்றை ஒன்று அறியாமலே கயிற்றிலிருந்து கிளம்பி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி தரும் விஷயம். நியூரானுக்குத் தமிழ் தேடுகிறவர்கள் புதிதாக எதையும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை, பாதிச் சொல் வீட்டிலேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு 1891ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். ஜெர்மானிய உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் வால்டையர் அந்த ஆண்டுதான் 'நியூரான்' என்ற சொல்லை இன்றைய பொருளில் அறிமுகப்படுத்தினார். குரோமோசோமுக்குப் பெயர் வைத்தவரும் இவரே. அப்போது ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. மூளையின் இழைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்பது இத்தாலியின் காமிலோ கோல்ஜியின் கட்சி. ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால், கோல்ஜி 1873இல் கண்டுபிடித்த வெள்ளிச் சாய முறையையே கொண்டு நுண்ணோக்கியில் பார்த்து, இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனி என்றார். வால்டையர் கஹாலின் பக்கம் நின்று, அந்தத் தனி அலகுக்கு வைத்த பெயர்தான் நியூரான். 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

தனித்தனி என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். அதைத் தமிழில் சொல்ல 'அணு' பொருத்தமாக இருக்கிறது. நரம்பு + அணு = நரம்பணு. அணு என்றால் இயற்பியல் அணுவோடு குழம்பாதா என்று கேட்கலாம். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து 'வெள்ளை அணு கூடியிருக்கு' என்று சொல்கிறவர் யாரும் குழம்புவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'நியூரான்', 'நரம்பு செல்' என்றும், இலங்கைப் பாடநூல்களில் 'நரம்புக்கலம்' என்றும் வரும். நரம்புக்கலமும் நல்ல சொல்தான். கலம் என்ற சொல் புழங்கும் இடத்தில் அதையே வைத்துக்கொள்ளலாம்.

சரி, புழுவுக்கு வருவோம். சி. எலிகன்ஸ் என்ற இந்த உருளைப்புழுவுக்கு நரம்பணுக்கள் மொத்தம் 302. அவற்றின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளியாகிவிட்டது. ஆனால் வரைபடத்தைப் பார்த்து, எந்த நரம்பணு எப்போது வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. அதற்கு நரம்பணுவை ஒளிர வைக்க வேண்டும். நரம்பணு தூண்டப்படும்போது அதற்குள் கால்சியம் ஏறும். கால்சியம் ஏறினால் பச்சையாகப் பிரகாசிக்கும் ஒரு புரதத்தை மரபணு வழியாகப் புழுவுக்குள் சேர்த்துவிடுகிறார்கள். கூடவே எப்போதும் ஒரே அளவில் ஒளிரும் சிவப்புப் புரதம் ஒன்றும் உண்டு. பச்சை அதன் செயல்பாட்டைச் சொல்லும், சிவப்பு அது இருக்கும் இடத்தைச் சொல்லும்.

புழுவைக் கட்டிப்போட்டால் படம் எடுப்பது எளிது. ஆனால் கட்டிப்போட்ட புழு எங்கும் போகாது, எதையும் தேடாது. ஓடவிட்டே மூளை முழுவதையும் படம் பிடிக்க முடியும் என்று 2016இல் பிரின்ஸ்டன், ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுக்கள் தனித்தனியே காட்டின. தொல்லை அங்கேதான் தொடங்கியது. புழு வளையும்போது அதன் மூளையும் வளைகிறது, நசுங்குகிறது, நீள்கிறது. வினாடிக்குச் சில முப்பரிமாணப் படங்கள் வருகின்றன; ஒவ்வொன்றிலும் ஒன்றுபோலவே இருக்கும் புள்ளிகள். போன படத்தில் இருந்த புள்ளி இந்தப் படத்தில் எது? ஓரிடத்தில் ஆள் மாறிவிட்டால், ஒரு நரம்பணு செய்த வேலை இன்னொன்றின் கணக்கில் ஏறிவிடும். மனிதர்கள் கையால் குறிப்பதென்றால் நாள் கணக்காகும்.

இந்த ஆள் அடையாளம் காணும் வேலையைத்தான் இயந்திரக் கற்றலிடம், அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க்கிடம், கொடுத்தார்கள். கொடுப்பதிலும் ஒரு சிக்கல்: கணினிக்குப் பயிற்சி தரவே கையால் குறித்த படங்கள் ஏராளம் வேண்டும். 2024இல் வெளியான டார்கெட்ராக் என்ற முறை இதற்கு ஒரு வழி சொல்கிறது. மனிதர்கள் சில படங்களை மட்டும் குறித்துக் கொடுக்கிறார்கள். மூளை எப்படியெல்லாம் வளைந்து நெளிகிறது என்பதைக் கணினி கற்றுக்கொண்டு, குறித்த படங்களையே அதேபோல் வளைத்துப் புதிய பயிற்சிப் படங்களைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இம்முறையைக் கொண்டு, அவ்வப்போது வாசனை காட்டப்பட்டு ஓடும் புழுக்களை ஆராய்ந்தபோது, சில இடைநரம்பணுக்கள் (மற்ற நரம்பணுக்களுக்கு இடையே நின்று செய்தியைக் கைமாற்றுபவை) வாசனையின் தாளத்தோடு சேர்ந்து இயங்குவதும், பிறகு அதிலிருந்து விலகிவிடுவதும் தெரிந்தது. நரம்பணுக்களை ஒவ்வொன்றாக, கடைசிவரை விடாமல் பின்தொடர்ந்தால்தான் இது கண்ணில் படும்.

அப்புறம், முதல் வாக்கியத்தில் 'நியூரல் நெட்வொர்க்' என்று வந்த அந்தக் கணினிப் பின்னலின் பெயர். 1943இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மெக்கல்லக்கும் பிட்ஸும் நரம்பணுவை ஒரு எளிய தருக்கக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். செயற்கை நரம்பணு அங்கே பிறந்தது. அதனால் 'நரம்பியல் வலையமைப்பு' என்பது தவறு என்றே சொல்வேன். நரம்பியல் ஒரு படிப்பின் பெயர், நரம்பியல் மருத்துவர் என்கிறோமே, அது. கணினியில் இருப்பது செயற்கை நரம்பணுக்களைக் கோத்த பின்னல். 'செயற்கை நரம்பணுப் பின்னல்' என்று எழுதலாம், நீளம் என்று பட்டால் இரண்டாம் முறையிலிருந்து 'நரம்பணுப் பின்னல்' போதும். மேலே சொன்ன புழுவைப் போல இரண்டு வகை நரம்பணுவும் ஒரே வாக்கியத்தில் வரும் இடத்தில் மட்டும் 'செயற்கை'யை விட்டுவிட வேண்டாம்.