கவுன்சிலில் ஆரைப் பிடிச்சால் காசு வரும்?

"அக்கா, கவுன்சிலில ஆரைப் பிடிச்சால் காசு வரும்?" கலை மானிய விண்ணப்பங்களுக்கு உதவும் என்னிடம் ரொறொன்ரோவில் அடிக்கடி வரும் கேள்வி இது. போன கிழமை கேட்டவர் அருமையான மிருதங்கக் கலைஞர். மறுப்பு வந்ததும், யாரோ ஓர் அதிகாரிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று முடிவே கட்டிவிட்டார்.

ஒருவரையும் பிடிக்க வேண்டாம். பிடிக்கவும் முடியாது. கலைஞர்களுக்கு அரசுப் பணத்தில் மானியம் கொடுக்கும் கனடா கவுன்சிலை 1957இல் சட்டம் போட்டு அமைத்தபோதே, யாருக்கு மானியம் என்ற முடிவை அமைச்சர்களின் கைக்கு எட்டாமல் வைத்தார்கள். 1963இல் வந்த ஒன்ராறியோ கலைக் கவுன்சிலும் அதே வழிதான். உங்கள் விண்ணப்பத்தை வாசித்துப் புள்ளி போடுபவர்கள் உங்களைப் போன்ற கலைஞர்கள். கவுன்சில் அதிகாரி அவர்களின் கூட்டத்தை நடத்துவார், விதிகளை நினைவூட்டுவார். அவருக்கு வாக்கு இல்லை. திரும்பச் சொல்கிறேன், வாக்கு இல்லை.

புள்ளி வரிசையில் மேலிருந்து பணம் கொடுத்துக்கொண்டு வருவார்கள். பணம் முடிகிற இடத்தில் கோடு விழும். கோட்டுக்குக் கீழே நல்ல விண்ணப்பங்களும் நிற்கும். அதனால் மறுப்பு வந்தால் உங்கள் கலை மட்டமானது என்று நினைக்காதீர்கள். அடுத்த சுற்றில் மதிப்பீட்டுக் குழுவும் மாறும், போட்டியும் மாறும். திரும்பப் போடுங்கள்.

குழுவில் தெரிந்தவர் இருப்பார் என்று ஊகித்து அவருக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள், தயவுசெய்து. உறவோ பண நலனோ இருந்தால் அவர் உங்கள் விண்ணப்பத்திலிருந்து விலக வேண்டும். உங்கள் அழைப்பும் அவரைச் சிக்கலில் மாட்டினால், நம் கலை தெரிந்த ஒரே ஆளை நீங்களே மேசையிலிருந்து எழுப்பிவிடுவீர்கள். அதிகாரியிடம் தாராளமாகப் பேசலாம்: இந்தத் திட்டத்துக்கு நான் தகுதியா என்று, முடிவுத் திகதிக்கு முன்னரே.

சரி, எதில் கவனம் வேண்டும்? விண்ணப்பத்தோடு அனுப்பும் காணொளியில். குழு பார்ப்பது சில நிமிடங்கள். அதிலும் குத்துவிளக்கும் வரவேற்புரையும் ஓடினால் உங்கள் வாசிப்பை எப்போது கேட்பார்கள்? மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனத்திலிருந்து வெட்டிக் கொடுங்கள். அது என்னவென்று இரண்டு வரி எழுதுங்கள். குழுவில் மேற்கத்திய இசைக்கருவியான செலோ வாசிப்பவரும் இருக்கக்கூடும்.

வரவுசெலவில் "வயலின்: 0 டொலர், நட்புக்காக" என்று போடாதீர்கள். மதிப்பிடுபவர்களும் கலைஞர்கள், சக கலைஞருக்குச் சம்பளம் இல்லாத திட்டம் அவர்கள் கண்ணில் முதலில் படும். பழைய மானியத்தின் இறுதி அறிக்கை பாக்கி இருந்தால் அதை இன்றே அனுப்புங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். மதிப்பீட்டாளராக நீங்களே பெயர் கொடுக்கலாம், ஊதியமும் உண்டு. நட்டுவாங்கம் செய்பவர்கள், கூத்துக் கலைஞர்கள், எழுதுபவர்கள், தயவுசெய்து பெயர் கொடுங்கள். படிவம் நிரப்பத் தயக்கம் என்றால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம்.