உண்ணிச்செடி: வெட்டிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது

முதுமலை, சத்தியமங்கலம் காட்டுச் சாலைகளில் போகிறவர்களுக்கு இருபுறமும் பூத்துக் கிடக்கும் உண்ணிச்செடி (லன்டானா) அழகாகத்தான் தெரியும். அழகுக்காகவே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது. மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் போகிறது. நெல்லியும் சீமாறும் சேகரித்துப் பிழைக்கும் பழங்குடிக் குடும்பங்களுக்கு வருமானமும் போகிறது.

காடு மீட்புப் பணியில் புதிதாக இறங்கும் அமைப்புகளிடம் நான் முதலில் கேட்பது, மூன்றாம் வருஷக் கூலிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்றுதான்.

தரையோடு வெட்டினால் ஒரே மழையில் மறுபடி தழைத்துவிடும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு உருவாக்கிய முறை நன்றாக வேலை செய்கிறது. தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் வெட்ட வேண்டும். பிறகு செடியைத் தூக்கி, வேர் வானம் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். வேர் மண்ணைத் தொடக் கூடாது. காய் பழுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். பழுத்த புதரை இழுத்துப் போனால் வழியெல்லாம் விதை கொட்டும்.

சரி, இவ்வளவும் செய்தாலும் மண்ணில் கிடக்கும் விதையும் கொண்டைக்குருவி எச்சத்தோடு போடும் விதையும் அடுத்த மழைக்கு முளைக்கும். அப்போது ஈர மண்ணில் கையால் பிடுங்க ஆள் வேண்டும். பக்கத்து ஊர்ப் பெண்கள் சந்தேகம் வந்தால் இலையைக் கசக்கி மோந்து பார்க்கிறார்கள், தண்டை விரலால் உருட்டி நாற்பட்டையா என்று பார்க்கிறார்கள். உண்ணி மட்டும் வருகிறது, நெல்லிக் கன்று நிற்கிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே தடவைக்கு விடும் டெண்டரில் இந்த நிதானத்துக்கு இடமே இல்லை.

மற்ற கூட்டாளிகளும் தேவைதான். முதுமலையில் இன்னொரு அயல் மரமான மஞ்சள் கொன்றையை அகற்றும் வேலைக்கு அரசின் காகித ஆலை வந்தது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிக் குச்சியில் செய்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. எனக்கு அதில் அவ்வளவு பெருமை! ஆனால் ஆலைக்கு வேண்டியது மரம், கலைஞருக்கு வேண்டியது குச்சி. விரல் நீளக் கன்றால் இருவருக்கும் பயனில்லை. அதைப் பிடுங்குவதற்குத் தனிக் கூலி வேண்டும், அதுவும் வருஷா வருஷம்.

2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அதன்படி திட்டம் போடுகிறவர்கள், எந்த இடத்தில் தொடங்குவது என்று கிராம சபையிடம் கேளுங்கள். ஊர்ப் பாதையையும் ஓடைக்கரையையும்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். புதர் மறைவில் யானை நிற்பது தெரியாமல் ஆட்கள் நேருக்கு நேர் மாட்டிக்கொள்ளும் இடங்கள் அவை.